விரிவுரை மண்டபத்து மௌனத்தைக் கலைப்பது எப்படி? வன்னியில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

"விளங்குதா?" என்று வகுப்பில் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். எண்பது பேர் இருக்கிற மண்டபத்தில் முன்வரிசையிலிருந்து "ஓம் சேர்" என்று இரண்டு மூன்று குரல் வரும். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் வராது. அந்தக் குரல்களை நம்பி அடுத்த சிலைட்டுக்குப் போனால், விளங்கவில்லை என்ற செய்தி இன்கோர்ஸ் (பருவத்தின் இடையில் வைக்கும் பரீட்சை) விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உங்களுக்குக் கிடைக்கும். அப்போது பாடம் ஆறு கிழமை கடந்துபோயிருக்கும்.

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களிலோ புதிதாகப் படிப்பிக்கத் தொடங்கும் உதவி விரிவுரையாளர்களையும் தற்காலிக விரிவுரையாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். செயல்வழிக் கற்பித்தல் என்றதும் பலருக்கு விளையாட்டு, நாடகம், வண்ணத்தாள், ஸ்மார்ட் பலகை என்று ஒரு படம் வருகிறது. அவை எதுவும் தேவையில்லை. விரிவுரையின் நடுவில் ஒவ்வொரு மாணவரும் தன் தலைக்குள் ஒரு முடிவெடுத்து, அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய இடங்களை அமைப்பதுதான் வேலை. அதற்கு நல்ல கேள்வி ஒன்றும் பத்து நிமிடமும் போதும்.

மௌனம் எங்கிருந்து வருகிறது

"இந்த பாச் பொடியளுக்கு ஊக்கமே இல்லை" என்ற பேச்சை ஆசிரியர் அறையில் கேட்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் வாய் திறக்காமல் இருப்பது பெரும்பாலும் பழக்கப்பட்ட நடத்தை.

உயர்தரத்துக்குப் படித்த இரண்டு வருடமும் பெரிய ரியூசன் கொட்டில்களில் கழிந்திருக்கும். அங்கே கேள்வி கேட்பவர் நூறு பேருடைய நேரத்தை எடுப்பவர். ஆசிரியர் எழுதுவார், மாணவர் கொப்பியில் இறக்குவார். பல்கலைக்கழகத்துக்குள் வந்ததும் மொழியும் மாறுகிறது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர் முதல் நாளே ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுவும் இன்னும் பெயர் தெரியாதவர்கள் முன்னால். பாடத்தில் பிழை விட்டால் பரவாயில்லை, இலக்கணத்தில் பிழை விட்டால் விடுதியில் ஒரு கிழமைக்கு நக்கல். இதே பயம் குருநாகலிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வந்து பக்கத்தில் இருக்கிற சிங்களமொழி மூல மாணவருக்கும் உண்டு என்பது உங்கள் தமிழ் மாணவருக்குத் தெரியாது. அது தெரியவருவதே பாதி மருந்து.

இன்னொன்று: உங்கள் முன்னால் இருப்பவர்களில் பலர் இந்தத் துறையை விரும்பி எடுத்தவர்கள் அல்லர். உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியும் (Z-score) மாவட்ட ஒதுக்கீடும் கொண்டுவந்து விட்ட இடம் இது. அவர்களிடம் "படிப்பின் அருமை" பற்றி அரை மணி நேரம் பேசுவது வீண். எட்வட் டெசி, ரிச்சட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தனக்கும் தெரிவு இருக்கிறது என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற அனுபவம், தன்னை ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற நம்பிக்கை. கீழே வருகிற ஒவ்வொரு படியையும் இந்த மூன்றில் எதை அது தருகிறது என்று பார்த்தே செய்யுங்கள். மூன்றில் ஒன்றையும் தராத செயற்பாடு வெறும் பொழுதுபோக்கு.

இந்த முறைகளுக்கு ஆதாரம் கேட்கிற மூத்த பேராசிரியர்கள் இருப்பார்கள். 2014இல் ஸ்கொட் ஃபிரீமன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் விஞ்ஞான, கணித, பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 34 பேரளவில் சித்தியடையவில்லை. மாணவர் வகுப்பில் வேலை செய்த இடங்களில் அது 22 பேரளவு. இதைச் சொல்லிவிட்டு வாதத்தை வளர்க்காமல் உங்கள் வகுப்புக்குப் போங்கள்.

கேள்வியை எழுதுதல்

உழைப்பு முழுவதும் இங்கேதான். குழு அமைப்பது, கை தூக்க வைப்பது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். கேள்வி மோசமானால் எதுவும் உதவாது.

"அழுத்தத்தின் வரைவிலக்கணம் யாது?" என்பது மோசமான கேள்வி. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சும்மா இருப்பார், இருவருக்கும் இடையில் கதைக்க ஒன்றுமில்லை. இப்போது இதைப் பாருங்கள்:

இரணைமடுக் குளத்தின் ஒரு துருசு (மதகு) வாய், நீர்மட்டத்துக்கு 5 மீற்றர் கீழே இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தின் சின்னக் குளத்திலும் துருசு வாய் நீர்மட்டத்துக்கு 5 மீற்றர் கீழேதான். எந்தத் துருசு வாயில் நீரின் அழுத்தம் கூட?
அ) இரணைமடுவில், அங்கே நீர் கூட.
ஆ) சின்னக் குளத்தில், நீர் ஒடுங்கிய இடத்தில் நிற்கிறது.
இ) இரண்டிலும் சமன்.
ஈ) குளங்களின் பரப்புத் தெரியாமல் சொல்ல முடியாது.

உயர்தரத்தில் பௌதிகம் படித்த எல்லோருக்கும் அழுத்தம் என்பது ஆழம், அடர்த்தி, ஈர்வை ஆர்முடுகல் மூன்றின் பெருக்கம் என்பது பாடம். 5 மீற்றருக்கு ஏறத்தாழ 49 கிலோபஸ்கால் என்று கணக்கும் போட்டுத் தருவார்கள். ஆனாலும் கணிசமானோர் "அ"வில் விழுவார்கள். இரணைமடுவின் அணைக்கட்டில் நின்று பார்த்த கண், சூத்திரத்தை நம்ப விடாது. அறிந்ததும் நம்புவதும் மோதுகிற இந்த இடத்தில்தான் மாணவர் ஒருவரோடொருவர் வாதாடத் தொடங்குவார்கள். "ஈ" வேண்டுமென்றே வைத்த பொறி: சூத்திரத்தில் பரப்பு இல்லை என்பதைக் கவனிக்காதவர், கவனமாக இருப்பதாக நினைத்து அதைத் தெரிவார்.

புள்ளிவிபரவியலுக்கு ஒன்று. ஒரு கமக்கார அமைப்பில் 11 பேர். பத்துப் பேருக்குத் தலா 2 ஏக்கர் வயல், ஒருவருக்கு 35 ஏக்கர். அந்த ஒருவர் 11 ஏக்கரை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். பதினொரு பேரின் சராசரிக்கும் இடையத்துக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) என்ன நடக்கும்? இரண்டும் குறையும், சராசரி மட்டும் குறையும், இடையம் மட்டும் குறையும், இரண்டும் மாறா என்று நான்கு விடை. சராசரி 5 ஏக்கரிலிருந்து 4க்கு இறங்கும், இடையம் 2இலேயே நிற்கும். விடை வந்தபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்விதான் பயனுள்ளது: மானிய உரத்துக்குத் திட்டம் போடுகிற உத்தியோகத்தர் "இங்கே சராசரியாக ஒருவருக்கு 4 ஏக்கர்" என்று எழுதினால் யாருக்கு இழப்பு?

கேள்வி எழுதும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பிழையான விடைக்குப் பின்னாலும் ஒரு மாணவர் உண்மையில் நினைக்கக்கூடிய காரணம் இருக்க வேண்டும். சும்மா இடம் நிரப்புகிற விடை வேண்டாம், நான்குக்குப் பதில் மூன்றே போதும். கணிப்பானைத் தட்டாமல் விடை காணக்கூடிய சிறிய எண்களைப் போடுங்கள். கேள்வி 40 சொல்லுக்கு மேல் போனால் இரண்டாம் மொழியில் வாசிப்பவருக்கு நேரம் முழுவதும் வாசிப்பிலேயே போய்விடும்.

நல்ல பிழைவிடைகளை எங்கே எடுப்பது? போன வருட இன்கோர்ஸ் விடைத்தாள்களில். ஒரு கட்டை எடுத்து இருபது தாளைப் புரட்டினால், ஒரே பிழை ஐந்தாறு தாளில் வரும். அதுதான் உங்கள் "அ". முதல் பருவத்துக்கு ஒரு விரிவுரைக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள். பதினைந்து கிழமைக்குப் பதினைந்து கேள்வி. முதல் வருடமே எல்லா விரிவுரையையும் மாற்றப் புறப்பட்டவர்கள் நான்காம் கிழமையில் களைத்துப் பழைய சிலைட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

வாக்கெடுப்பு, படிப்படியாக

ஹாவட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. இங்கே பொருந்துகிற விதமாகச் சொல்கிறோம்.

முதலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வழக்கம்போல விளங்கப்படுத்துங்கள். பிறகு கேள்வியைத் திரையில் போட்டு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். புரொஜெக்டர் இல்லாவிட்டால், மின்சாரம் நின்றுவிட்டால், வெண்பலகையில் எழுதுங்கள். அதற்காகவே கேள்வியை ஒரு தாளில் கையால் எழுதி வைத்திருங்கள்.

அடுத்து ஒன்றரை நிமிடம் முழு மௌனம். எல்லோரும் தம் கொப்பியில் விடையின் எழுத்தையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுத வேண்டும். இந்த மௌனத்தைப் புதியவர்களால் தாங்க முடிவதில்லை. இருபதாவது செக்கனில் "ஒரு சின்ன உதவி சொல்லட்டா?" என்று வாய் திறந்துவிடுவார்கள். திறக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள், வரிசைகளுக்கு இடையே நடவுங்கள். எழுதாமல் கதைக்கத் தொடங்கினால் கெட்டிக்காரரின் விடை வரிசை முழுவதும் பரவி, பிறகு எண்ணுகிற வாக்குக்குப் பெறுமதி இல்லாமல் போகும்.

பிறகு "மூன்று, இரண்டு, ஒன்று" சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் அ, இரண்டு ஆ, மூன்று இ, நான்கு ஈ. கையைத் தலைக்கு மேல் தூக்கவேண்டாம், நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது உங்களுக்குத் தெரியும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. விரலுக்குப் பதில் அட்டை வேண்டுமானால் ஏ4 தாளை நான்காக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், வேண்டிய பக்கம் வெளியே தெரிய மடித்துக் காட்டலாம். போனில் வாக்கெடுக்கிற செயலிகள் உண்டு. ஆனால் டேற்றா முடிந்தவர், சார்ச் இல்லாதவர், சிக்னல் எடுக்காத மூலையில் இருப்பவர் என்று பத்துப் பேர் ஒவ்வொரு முறையும் விடுபடுவார்கள். விரலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பார்வையால் எண்ணுங்கள், துல்லியம் வேண்டாம். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே என்றால் கதைக்க விடுவதில் பயனில்லை, பிழையே பரவும். நிறுத்தி, வேறோர் உதாரணத்தோடு மறுபடி விளங்கப்படுத்துங்கள். 70 வீதத்துக்கு மேல் என்றால் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் அதுதான் நீங்கள் காத்திருந்த இடம்.

அப்போது சரி எது என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர் எதைச் சொன்னார்கள் என்பதையும் சொல்லாதீர்கள், பெரும்பான்மை எதுவோ அதற்கு எல்லோரும் தாவிவிடுவார்கள். உங்கள் முகமும் காட்டிக்கொடுக்கக் கூடாது. "உங்களுடைய விடையைச் சொல்லாத ஒருவரைப் பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ பிடியுங்கள். அவரைச் சம்மதிக்க வையுங்கள். மூன்று நிமிடம்" என்று விடுங்கள். "கலந்துரையாடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஆளைப் பிடிப்பது, சம்மதிக்க வைப்பது என்று வேலை திட்டமாக இருக்க வேண்டும்.

இந்த மூன்று நிமிடமும் நீங்கள் மேடையில் நிற்கக் கூடாது. பின்வரிசைக்குப் போய்க் காது கொடுங்கள். திருத்தாதீர்கள். இரண்டு நல்ல காரணங்களையும் ஒரு சுவையான பிழைக் காரணத்தையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். சத்தம் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது, முழுவதும் அடங்கும் முன், நிறுத்துங்கள். அடங்கும் வரை விட்டால் பேச்சு பஸ்ஸுக்கும் கிரிக்கெட்டுக்கும் போயிருக்கும்.

மறுபடி வாக்கு. அதன்பின் "பின்னால் ஒரு குழுவில் பரப்பு ஏன் தேவையில்லை என்று நல்லாய்ச் சொன்னார்கள்" என்று நீங்கள் பொறுக்கியதைப் பெயர் சொல்லாமல் எடுத்துவையுங்கள். பிழைக் காரணத்தை ஏன் நம்பத் தோன்றுகிறது என்றும் சொல்லுங்கள். "அ" சொன்னவர் முட்டாள் அல்ல, கண்ணால் கண்டதை நம்பியவர் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எல்லாமாக எட்டிலிருந்து பத்து நிமிடம்.

ஒரு எச்சரிக்கை. உயர்தரப் பௌதிகம், இரசாயனத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் 50 பல்தேர்வு வினா செய்து பழகியவர்கள் இவர்கள். பல்தேர்வு என்றாலே வேகமும் குறுக்குவழியும்தான் நினைவுக்கு வரும். முதல் இரண்டு கிழமையும் "காரணம் எழுதாத விடை எனக்கு வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

குழுவும் மொழியும்

வாக்கெடுப்பு மூன்று கிழமை ஓடியபின் நிரந்தரக் குழுக்களுக்குப் போகலாம். நான்கு பேர். ஐந்து பேரானால் ஒருவர் பார்வையாளராகிவிடுவார். நிலத்தில் பூட்டிய வாங்குகள் உள்ள மண்டபத்தில் முன்னால் இருவர் திரும்பிப் பின்னால் இருவரோடு சேர்வதற்கும் நான்குதான் வசதி.

குழுவை மாணவர் தாங்களே பிரிக்க விடாதீர்கள். ஒரே பாடசாலை, ஒரே ஊர், ஒரே விடுதி அறை என்று சேர்ந்துவிடுவார்கள், கடைசியில் ஒருவரும் கேட்காத நாலு பேர் ஒரு குழுவாக மிஞ்சுவார்கள். நீங்களே பட்டியல் போடுங்கள். மொழியைக் கலந்து போடும்போது ஒருவரைத் தனியே விடாமல் இரண்டுக்கு இரண்டாகப் போடுங்கள். மூன்று சிங்களமொழி மாணவருக்கு நடுவில் ஒரு தமிழ் மாணவரோ, மறுபுறமாகவோ இருந்தால் அந்த ஒருவர் வாய் திறக்கவே மாட்டார். மூன்று பொடியங்களுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளையைப் போட்டாலும் இதேதான்.

மொழி பற்றிய விதி எளிது: வாதாடுவது எந்த மொழியிலும், எழுதித் தருவது ஆங்கிலத்தில். "வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்" என்று சட்டம் போட்டால் ஆங்கிலம் வளராது, பேச்சு நிற்கும். சிந்திப்பது தாய்மொழியில் நடந்து முடிந்தால், ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஆக்குவது நான்கு பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. "நாங்கள் இந்த விடையைத் தெரிந்தோம், ஏனென்றால்…" என்ற பொருள்பட ஆங்கில வாக்கியத்தின் முன்பாதியைப் பலகையில் எழுதிவிடுங்கள், பின்பாதியை அவர்கள் நிரப்பட்டும். ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் பத்துக் கலைச்சொற்களை ஆங்கிலம், தமிழ், சிங்களம் என்று மூன்று நிரலில் ஒரே பக்கத்தில் கொடுங்கள். தமிழ் நிரலுக்கு உயர்தரப் பாடநூலில் உள்ள சொல்லையே போடுங்கள். சிங்கள நிரலை மாணவரிடமே நிரப்பக் கொடுத்தால், அவர்கள் முதன்முதலாக வகுப்புக்கு ஒன்றைத் தருகிறார்கள்.

குழு வகுப்பில் ஒருவரை எழும்பச் சொல்லும்போது பெயரைத் தேடிக் கூப்பிடாதீர்கள், முன்வரிசைக்கே வாய்க்கும். குழுவுக்குள் 1 முதல் 4 வரை இலக்கம் கொடுத்து, "இன்றைக்கு எல்லாக் குழுவிலும் 3ஆம் ஆள் சொல்வார்" என்று கதைத்து முடிந்தபின் அறிவியுங்கள். யார் எழும்புவது என்று முன்கூட்டித் தெரியாததால் நால்வரும் காரணத்தைத் தெரிந்துவைக்க வேண்டிவரும். அவர் சொல்வது தன் விடையன்று, குழுவின் விடை. ஆதலால் பிழைத்தாலும் நக்கல் ஒருவர் மேல் விழாது.

அறிமுக விளையாட்டுகளில் ஓர் அவதானம் வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளில் "உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்", "சிறுவயது மறக்கமுடியாத நாள்" என்றெல்லாம் இருக்கும். இங்கே அதைக் கேட்காதீர்கள். 2009இல் போர் முடிந்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். வீட்டில் யார் இல்லை என்பதை ஒரு விளையாட்டுக்காக யாரும் சொல்ல வேண்டியதில்லை. "இந்தப் பாடத்தில் உங்களுக்குப் பயமான ஒரு விடயம், செய்யத் தெரிந்த ஒரு விடயம்" என்று கேட்டால் போதும்.

இரண்டு மணி நேர விரிவுரையை வெட்டுதல்

நேரசூசியில் இரண்டு மணி என்றிருந்தால் கையில் இருப்பது 105 நிமிடம் என்று கணக்கெடுங்கள். முதல் 5 நிமிடம் போன கிழமைச் சீட்டுகளுக்குப் பதில் (சீட்டைப் பற்றிப் பிறகு). 15 நிமிடம் விளக்கம், 10 நிமிடம் வாக்கெடுப்பு, மறுபடி 15 நிமிடம் விளக்கம். பிறகு 10 நிமிடம் இடைவேளை, அதை வெட்டாதீர்கள். இரண்டாம் பாதியில் 10 நிமிடம் விளக்கம், 25 நிமிடம் குழுவாக ஒரு கணக்கோ சம்பவ ஆய்வோ, 10 நிமிடம் குழுக்களின் விடை, கடைசி 5 நிமிடம் சீட்டு.

மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்றரை மணிக்கு வகுப்பு என்றால் இந்த ஒழுங்கைக் கவிழ்த்துப் போடுங்கள். சித்திரை வைகாசி வெக்கையில், சுற்றியும் சுற்றாமலும் ஒரு ஃபானுக்குக் கீழே, விளக்கத்தோடு தொடங்கினால் பாதிப்பேர் நித்திரை. வந்தவுடன் குழுவேலை, பிறகு விளக்கம். வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில் குழுச் சமர்ப்பணம் வைக்காதீர்கள். மட்டக்களப்புக்கும் தெற்குக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மனத்தால் மதியமே புறப்பட்டுவிடுவார்கள்.

இப்படி வெட்டினால் பாடத்திட்டம் முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான், நீங்கள் எல்லாவற்றையும் வாயால் சொல்வதென்றால். வரைவிலக்கணம், பட்டியல், வரலாறு ஆகியவற்றை மூன்று பக்கக் குறிப்பாக முதல்நாளே கொடுத்துவிடுங்கள். காணொளியாகத் தருவதானால் ஏழெட்டு நிமிடத்துக்கு மேற்படாமல், சின்ன அளவாக்கி, பாச் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மணிக்கணக்கான பதிவுகளை டேற்றா செலவழித்து யாரும் பார்ப்பதில்லை. வாசித்து வந்தார்களா என்று அறிய வகுப்புத் தொடக்கத்தில் மூன்று சின்னக் கேள்வி. வாசிக்காதவர்களுக்காக அதே குறிப்பை வகுப்பில் மறுபடி சொல்லிக் கொடுத்தீர்களோ, அடுத்த கிழமை வாசித்தவர்களும் வாசிக்க மாட்டார்கள்.

கடைசி ஐந்து நிமிடச் சீட்டு

கொப்பித் தாளில் காற்பங்கு. பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். இரண்டு கேள்விதான்: இன்றைக்கு விளங்கிய முக்கியமான ஒன்று என்ன, இன்னும் குழப்பமாக இருப்பது எது. வாசலில் ஒரு பெட்டி.

எண்பது சீட்டையும் வாசிக்க இருபது நிமிடம் போதும். குழப்பங்களை மட்டும் குவியல் குவியலாகப் பிரியுங்கள், மூன்று குவியலுக்கு மேல் வராது. பெரிய குவியலுக்கு அடுத்த வகுப்பின் முதல் 5 நிமிடத்தில் பதில். இதை ஒருமுறை தவறினாலும் சீட்டுகள் வெறுமையாக வரத் தொடங்கும். தான் எழுதியதை யாரோ வாசித்தார்கள் என்பதை ஒரு மாணவர் முதல்முறை காணும்போது வருகிற ஊக்கத்தை எந்தப் பேச்சும் தராது.

புள்ளி

வகுப்பு வேலைக்குக் கொஞ்சம் புள்ளி வேண்டும், கனக்க வேண்டாம். தொடர் மதிப்பீட்டுக்குள் 5 வீதம் சரி. விடை சரியா பிழையா என்று பாராமல், காரணத்தோடு எழுதித் தந்தாரா என்பதற்கே கொடுங்கள். சரிக்கு மட்டும் புள்ளி என்றால் அடுத்தவர் கொப்பியைப் பார்ப்பது திரும்பி வந்துவிடும். பாடநெறி ஆவணத்தில் அனுமதித்த பங்கீட்டைப் பருவத்தின் நடுவில் மாற்ற முடியாது. ஆதலால் தொடங்கும் முன்பே துறைத்தலைவரோடு கதைத்து, முதல் வகுப்பில் எழுத்தில் கொடுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே

வன்னியில் படிப்பிப்பவருக்கு இருக்கிற பெரிய வசதி, கற்றதை உரசிப் பார்க்கிற இடம் பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்குகிறது என்பது. நீர்ப்பாசனம், நெல் உலர்த்தல், பால் சேகரிப்பு, கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கு, கடற்கரைக் கருவாட்டு வியாபாரம் எல்லாம் அரை நாள் தூரத்தில் இருக்கின்றன.

வெளிக்களத்தில் வழக்கமாக நடப்பது: பஸ்ஸில் அறுபது பேர் போவார்கள், ஒரு உத்தியோகத்தர் பேசுவார், முன்னால் நிற்கும் பத்துப் பேருக்குக் கேட்கும், மற்றவர்கள் செல்பி எடுப்பார்கள். அதைத் தவிர்க்கக் கேள்வியோடு அனுப்புங்கள். நெல் ஆலைக்குப் போவதானால், சேமிக்கிற நெல்லின் ஈரப்பதன் ஏறத்தாழ 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வகுப்பில் படித்தது. ஒரு குழு வந்திறங்கும் நெல்லின் ஈரத்தை ஆலை எப்படி அளக்கிறது என்று பார்க்கட்டும். ஒரு குழு கூடின ஈரத்துக்கு விலையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்கட்டும். ஒரு குழு காயப்போடும் தளத்தையும் நாட்களையும் பார்க்கட்டும். இன்னொன்று உடைந்த அரிசியின் அளவை. திரும்பி வந்ததும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வீதம் நால்வரைப் புதிதாகச் சேர்த்து, "இந்த ஆலை உலர்த்தி ஒன்று வாங்குவது இலாபமா?" என்று கேளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் மற்ற மூவருக்கும் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. உளவியலாளர் எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வகுத்த முறையின் அடிப்படை இதுதான். கெட்டிக்காரர் ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடிக்க இதில் வழியில்லை.

பருவத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். காலபோக (மாரிகால நெற்செய்கை) விதைப்புக்கு ஐப்பசி, அறுவடைக்குத் தையும் மாசியும். கார்த்திகை மார்கழியில் வாடகை பஸ் ஒழுங்குசெய்தால் வெள்ளம் வந்து கெடுக்கலாம். பின்னேரம் ஐந்து மணிக்கு முன் திரும்புங்கள், காட்டோர வீதிகளில் யானை. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் படம் எடுக்கக்கூட இறங்க விடாதீர்கள்.

எங்கே பிழைக்கும்

முதல் முறைப்பாடு மூன்றாம் கிழமையில் வரும்: "சேர் படிப்பிக்கிறார் இல்லை, எங்களைக் கொண்டே படிப்பிக்கிறார்." இதை எதிர்பாருங்கள். 2019இல் ஹாவட்டில் பௌதிக மாணவரிடம் செய்த ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் கூடக் கற்றிருந்தும் தாம் குறையக் கற்றதாகவே சொன்னார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது எல்லாம் விளங்கியதுபோல இருக்கும், தானே தட்டுத்தடுமாறும்போது ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். அதைவிட நல்லது, முதல் இன்கோர்சில் வகுப்பில் வாதாடிய கேள்வி போன்ற ஒன்றைப் போடுவது. வகுப்பில் காரணம் கேட்டுவிட்டுப் பரீட்சையில் வரைவிலக்கணம் கேட்டால் மாணவர் உங்களை நம்பமாட்டார்கள், நம்பாமல் விடுவதும் நியாயமே.

முதல் வாக்கெடுப்பில் பாதிப்பேர் விரலே காட்டமாட்டார்கள். கோபிக்காமல், "தெரியாது என்றால் கையைப் பொத்திக் காட்டுங்கள், அதுவும் ஒரு விடை" என்று சொல்லுங்கள். பொத்திய கைகள் கூடினால் உங்கள் விளக்கம் போதவில்லை.

குழுவில் ஒருவர் செய்ய மூவர் பெயர் போடுவது எல்லா இடமும் உள்ள நோய். வேலை ஒருவரால் செய்யக்கூடிய அளவாக இருந்தால் ஒருவர்தான் செய்வார். ஆதலால் அறிக்கை எழுதுகிற வேலையைக் குறைத்து, முடிவெடுக்கிற வேலையைக் கூட்டுங்கள். "இரண்டில் எந்தத் திட்டம், ஏன், அரைப் பக்கம்" என்பது இருபது பக்க ஒப்படையைவிடக் கடினமானது, இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ அப்படியே இறக்கவும் வசதியற்றது.

பக்கத்து வகுப்பு விரிவுரையாளர் சத்தம் என்று முறையிடுவார். அவரை ஒருநாள் வந்து பின்வாங்கில் இருக்கச் சொல்லுங்கள், கேள்வியை முன்கூட்டியே காட்டுங்கள். சிலர் வருவார்கள்.

ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். வகுப்பு முடிந்த அன்றே அட்டையின் பின்புறம் முதல் வாக்கு, இரண்டாம் வாக்கு, நீங்கள் பின்வரிசையில் கேட்ட பிழைக் காரணம் மூன்றையும் குறியுங்கள். இரண்டாம் வாக்கிலும் ஏறாத கேள்வியைக் கிழித்துப் போடுங்கள், முதல் வாக்கிலேயே 90 வீதம் எடுத்ததையும் கிழியுங்கள். மிஞ்சுகிற அட்டைகளை, நீங்கள் மேற்படிப்புக்கு விடுப்பில் போகும்போது உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் கையளியுங்கள்.